தேங்காய்ப் பாலை எண்ணெய்க் கணக்கில் எழுதுங்கள்

கொடைக்கானல் பக்கத்து மலை ஊர் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறவர். வந்து தங்கிய ஒருவர் சொல்லக் கேட்டு, பதப்படுத்தாத முழு உணவை மட்டும் சாப்பிடும் 30 நாள் திட்டம் ஒன்றைக் குடும்பத்தோடு ஆரம்பித்திருக்கிறார். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, பால், தயிர் எதுவும் கிடையாது. காய்கறி, பழம், முட்டை, மீன், கறி, தேங்காய் உண்டு. 30 நாள் முடிந்தும் விடவில்லை. இப்போது ஏழாவது வாரம். அவருக்கு 3 கிலோ குறைந்திருக்கிறது. பாலுக்கும் க்ரீமுக்கும் பதிலாக டீ, சூப், உருளைக்கிழங்குக் குருமா என்று எல்லாவற்றிலும் தேங்காய்ப் பால்தான். நாளுக்கு 200 மில்லி பாக்கெட் ஒன்று, அது போக ஒரு மூடித் தேங்காயைப் பிழிந்த பால். அவசரத்துக்குத் தேங்காய்ப் பால் பொடியும் உண்டு. சாப்பிடுவது நான்கு பேர்.

அவர் கவலைகள் இவை. 48 வயது கணவருக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 168. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, ‘சாப்பாட்டிலேயே சரியாகிவிடும்’ என்று நிறுத்திவிட்டார். அவருடைய அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனவர். 9 வயது மகளுக்குக் குளிர் வந்தால் வீசிங். பாலால்தான் சளி கட்டுகிறது என்று நினைத்துப் பாலை நிறுத்தியும், அதற்குப் பிறகு இரண்டு முறை வந்துவிட்டது. தேங்காய்தான் சளி என்கிறார் மாமியார். பாக்கெட் பால் ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே மெழுகு மாதிரி கட்டிக்கொள்கிறது, கலப்படமோ என்று கொட்டிவிட்டிருக்கிறார். சூப்பிலும் டீயிலும் ஊற்றினால் திரிந்துபோகிறது. ‘தேங்காய்க் கொழுப்பு உடம்பில் தங்காது, லாரிக் அமிலம் நேராக எரிந்துவிடும் என்று படித்தேன். அப்படியானால் அளவு பார்க்கத் தேவையில்லைதானே?’ என்பது முக்கியமான கேள்வி.

சகோதரி, குருமா திரிவதை விட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் மாத்திரை

உங்கள் கணவர் இந்த வாரமே மாத்திரை எழுதிய மருத்துவரைப் பார்க்கட்டும். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லட்டும். எல்டிஎல் 168, அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு, இவருக்கு வயது 48. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரை எழுதியிருப்பார். தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதை மருத்துவர்கள் தனி எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வார்கள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே உற்பத்தி செய்கிறது. சாப்பாட்டால் ஓரளவுதான் இறக்க முடியும். சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்து போகலாம், போக வேண்டும். மாத்திரையால் கை கால் வலி மாதிரி ஏதாவது இருந்து அதனால் நிறுத்தினார் என்றால் அதையும் சொல்லட்டும். வேறு மருந்தோ வேறு அளவோ இருக்கிறது.

உங்கள் வீட்டில் இந்த ஏழு வாரமாக நடக்கும் சமையல், அவருடைய எல்டிஎல்லை இறக்கும் சமையல் இல்லை. ஏற்றக்கூடிய சமையல். சுற்றி வளைக்காமல் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெட்டியான தேங்காய்ப் பாலில் 100 மில்லிக்குச் சுமார் 20 கிராம் கொழுப்பு இருக்கும். சில பாக்கெட்டில் குறைவு, க்ரீம் என்று விற்பதில் இன்னும் அதிகம். அப்படியானால் 200 மில்லி பாக்கெட்டில் 40 கிராம். ஒரு மூடித் தேங்காயின் பாலில் இன்னொரு 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் டீயில் ஊற்றிக்கொள்வதோடு குருமா, சூப்பையும் சேர்த்தால், நீங்கள் எழுதிய அளவின்படி அவருக்கு மட்டும் சுமார் 30 கிராம் போகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு, எல்டிஎல்லை ஏற்றும் வகையான நிறைவுற்ற கொழுப்பு; 26, 27 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எல்டிஎல் கூடியவர்களுக்கு நாங்கள் சொல்வது 13 கிராம் அளவு. முட்டை, கறி, மீனில் இருப்பதைச் சேர்க்காமலே அவர் அதை இரண்டு மடங்காகத் தாண்டிவிட்டார்.

லாரிக் அமிலம் எரிந்துவிடுமா?

நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. தேங்காய்க் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிகிற கொழுப்புகளும் உண்டு, ஆனால் அவை 8, 10 கார்பன் உள்ள சிறிய கொழுப்பு அமிலங்கள். ஆய்வுகளில் கொடுக்கும் எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் பெரும்பாலும் அவற்றால் ஆனது. லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். உடம்பு அதில் பெரும்பகுதியை மற்ற கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. எம்சிடி எண்ணெயில் வந்த முடிவைத் தேங்காய்ப் பாலுக்கு ஒட்டிவைத்து எழுதிவிடுகிறார்கள்.

2020-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக 10 மி.கி. கூட்டியிருந்தது. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல்லும் கொஞ்சம் கூடியது உண்மைதான், ஆனால் அது இதை ஈடுகட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத் தேங்காயைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. பசிபிக் தீவுகளில் தேங்காயையே முக்கிய உணவாகச் சாப்பிட்டுவந்த மக்களிடம் இதய நோய் அரிதாக இருந்தது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மீனும் கிழங்கும் தேங்காயும் சாப்பிட்டு உடலுழைப்போடு வாழ்ந்தவர்கள். அதைக் காட்டி டீயில் க்ரீம் ஊற்றிக்கொள்வதற்கு நியாயம் தேட வேண்டாம்.

அப்புறம், ‘முழு உணவு’ என்ற கொள்கையையே எடுத்துக்கொள்வோம். முழு உணவு தேங்காய். அதன் பால் அல்ல. 100 கிராம் தேங்காய்த் துருவலில் 9 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அரைத்து வடிகட்டும்போது அது அவ்வளவும் சக்கையோடு நின்றுவிடுகிறது, கொழுப்பு மட்டும் கிண்ணத்துக்கு வருகிறது. பீன்ஸ் பொரியலில் ஒரு கைப்பிடி துருவல் போடுவதுதான் உங்கள் திட்டத்தின் சொற்படியே சரியான தேங்காய். கெட்டிப் பாலை நீங்கள் தாளிக்கும் எண்ணெயோடு சேர்த்து எண்ணுங்கள். குருமாவில் முதல் பால் ஊற்றும் நாளில் தாளிப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும்.

கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி முதல் பால் போதும். மற்ற நாட்களில் துருவல். டீயில் வேண்டவே வேண்டாம். உங்களுக்கும் மாமியாருக்கும் கொழுப்பு அளவு பார்த்ததில்லை என்றால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

மகளுக்குப் பாலைத் திருப்பிக் கொடுங்கள்

பால் சளியை உண்டாக்குகிறது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. பால் குடித்ததும் தொண்டையில் கொழகொழப்பாக ஓர் உணர்வு வரும்; அதைச் சளி என்று நினைத்துவிடுகிறோம். பால் ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் கதை வேறு, அதற்கு உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி என்று அடையாளங்கள் இருக்கும். உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. பாலை நிறுத்திய பிறகும் வீசிங் இரண்டு முறை வந்திருக்கிறது. பால்தான் காரணம் என்ற சந்தேகத்துக்கு அதுவே போதிய பதில்.

இழப்பு என்ன என்று பாருங்கள். ஒரு டம்ளர் பசும்பாலில் சுமார் 240 மி.கி. கால்சியமும் 6 கிராம் புரதமும் உண்டு. அதே அளவு தேங்காய்ப் பாலில் கால்சியம் 30 மி.கி. அளவு, புரதமும் குறைவு, நீர் விட்டால் இன்னும் குறைவு. 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 650 மி.கி. கால்சியம் வேண்டும். பால், தயிர், ராகி, பருப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டு இந்த அளவை எட்டுவது மிகக் கஷ்டம். வளரும் பிள்ளைக்கு இந்தத் திட்டமே தேவையில்லை என்பது என் கருத்து. பெரியவர்கள் 30 நாள் இருந்து பார்ப்பது அவர்கள் இஷ்டம். அவளுக்குப் பாலும் தயிரும் பருப்பும் ராகி தோசையும் இன்றே திரும்பட்டும்.

வீசிங்குக்கு நான் முதலில் சந்தேகப்படுவது புகையை. விருந்தாளிகளுக்கு மாலையில் கேம்ப் ஃபயர் போடுவதாகவும், வெந்நீருக்கு விறகடுப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எரியும் நேரத்தில் அவள் கதவு ஜன்னல் சாத்திய அறையில் இருக்கிறாளா? இரண்டாவது சந்தேகம் பாக்கெட். அதற்குக் கீழே வருகிறேன். இன்ஹேலரை மட்டும் எந்தச் சாப்பாட்டு மாற்றத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

மாமியார் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். தேங்காய் சளியை உண்டாக்குவதில்லை. ஆனால் ராத்திரி கெட்டிப் பால் ஊற்றிய சூப்பைக் குடித்துவிட்டு உடனே படுத்தால், கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் நிற்கும், எதுக்களிக்கும், அதனால் படுத்த பிறகு இருமல் வரும். அவர் பார்த்தது அந்த இருமலாக இருக்கலாம். சூப்பை ஏழு மணிக்கே கொடுத்துப் பாருங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம்

பாக்கெட் பால் எல்லாம் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். பின்பக்கத்தில் சேர்பொருள்களைக் குறிக்கும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 412 என்று இருந்தால் அது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. 415, 466, 435 எல்லாம் கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைப்பதற்கு. பதப்படுத்தாததே வேண்டும் என்பவர் தவிர்க்கலாம். மற்றவர்கள் அளவாகச் சேர்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று 220 முதல் 228 வரையுள்ள எண்கள், முக்கியமாக 223. இவை சல்ஃபைட். வெள்ளை நிறம் மாறாமல் இருக்கச் சில தேங்காய்ப் பால் டின்களிலும் பாக்கெட்டுகளிலும் சேர்க்கிறார்கள். வீசிங் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இது மூச்சு இழுப்பைத் தூண்டும். உங்கள் கடைத்தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் பளபளப்பான ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட்டிலும் இதே சல்ஃபைட் உண்டு, அதையும் பாருங்கள். நான்கு வாரம் இவை இரண்டும் இல்லாமல் இருந்துபார்த்து, வீசிங் வந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று பொடி. தேங்காய்ப் பால் பொடியில் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் சோடியம் கேசினேட்டும் இருக்கும். கேசினேட் என்பது பசும்பாலின் புரதம். பாலே வேண்டாம் என்று இத்தனை நாள் இருந்த நீங்கள், அந்தப் பொடியைக் கரைத்தபோதெல்லாம் பாலைத்தான் சேர்த்திருக்கிறீர்கள்! உங்கள் வீட்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஹோம்ஸ்டே பலகையில் ‘பால் சேர்க்காத சூப்’ என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பால் ஒவ்வாமை உள்ள குழந்தை ஒன்று அதைக் குடித்தால் விபரீதமாகிவிடும், பொறுப்பும் உங்கள் மேல் வரும். பொடி போட்ட நாளில் அந்த வரியை அழித்துவிடுங்கள், இல்லை பொடியை விட்டுவிடுங்கள்.

பால் புரதம் இருந்தாலோ, சல்ஃபைட் கிலோவுக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ அதை லேபிளில் ஒவ்வாமைப் பொருளாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி சொல்கிறது. 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் கவரில் கட்டி விற்கும் தேங்காய்ப் பாலை வாங்காதீர்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

மேலே கட்டிய ‘மெழுகு’ மெழுகு இல்லை. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும். கீழே வத்தலக்குண்டில் ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் உறைகிறது. உங்கள் ஊரில் டிசம்பரில் சமையல் மேடையிலேயே உறையும். பாக்கெட்டை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்கினால் பழையபடி பால். புளித்த வாடையோ, பாக்கெட் உப்பலோ இருந்தால் மட்டும் கொட்டுங்கள்.

திரியாமல் இருக்க

தேங்காய்ப் பாலில் கொழுப்புத் துளிகளைச் சிதறாமல் பிடித்திருப்பது கொஞ்சம் புரதம்தான். 80 டிகிரி தாண்டினால் அந்தப் புரதம் இறுகிவிடும், எண்ணெய் தனியாக நிற்கும். கொடைக்கானல் உயரத்தில், சுமார் 2,100 மீட்டரில், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிநிலை குறைவதால் பால் தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம், 93-ம் அதற்கு அதிகம்தான். காய் வேக இங்கே கூடுதல் நேரம் ஆகிறது. நீங்கள் பாலையும் காயையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுகிறீர்கள். தக்காளியின் புளிப்பும், டீயின் துவர்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். டீக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. இஞ்சி தட்டிப்போட்ட கட்டன் சாயா குடியுங்கள், அல்லது பால் டீக்கே திரும்புங்கள்.

சமையலுக்குத் திருநெல்வேலிக்காரர்கள் சொதி வைக்கும் முறையைப் பின்பற்றுங்கள். அதற்கு வேண்டிய கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் உங்கள் மலையிலேயே விளைகிறது. தேங்காயைத் துருவி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு அரையுங்கள். குழாய்த் தண்ணீரில் அரைத்தால் அந்தக் குளிருக்குக் கொழுப்பு மிக்ஸி ஜாரின் ஓரத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டு சக்கையோடு போய்விடும். ‘இந்தத் தேங்காயில் பாலே இல்லை’ என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். முதல் பாலைத் தனியே வையுங்கள். சக்கையில் மறுபடி வெந்நீர் விட்டு இரண்டாம், மூன்றாம் பால் எடுத்து, அதில் காயைக் குக்கரில் வேகவையுங்கள். வெந்த பருப்பைச் சேருங்கள். ஆமாம், பாசிப் பருப்பு, அதைத் திட்டம் தடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன். அடுப்பைத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சம் பழம் இறக்கி ஆறிய பிறகுதான். சொதிக்கு இஞ்சித் துவையல் வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூப்பில் க்ரீமுக்குப் பதில் தேங்காய்ப் பாலே வேண்டும் என்பதில்லை. வெந்த காலிஃப்ளவரையோ உருளைக்கிழங்கையோ சூப்போடு அரைத்தாலே கெட்டியாகிவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட் இன்னும் நல்லது. அதன் கொழுப்பில் பெரும்பகுதி எல்டிஎல்லை ஏற்றாத வகை, நார்ச்சத்தும் உண்டு. அடுப்பை அணைத்த பிறகு மசித்துக் கலக்குங்கள், கொதித்தால் கசக்கும். உங்கள் கணவருக்கு நான் சொல்லும் க்ரீம் இதுதான்.

இறங்கிய 3 கிலோ உங்களுடையது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். சர்க்கரையையும் பேக்கரிப் பலகாரத்தையும் நிறுத்தியதால் இறங்கியது என்றே நினைக்கிறேன், தேங்காய்ப் பாலால் அல்ல. அந்த இரண்டையும் அப்படியே தள்ளிவைத்துக்கொண்டு, பருப்பு, தயிர், ராகி, ஒரு கரண்டி சோறு என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் பால் மிஞ்சினால் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால் ஒரு கட்டி இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். கணவருக்கு அளந்து கொடுக்கவும் அது வசதி.

அவர் மாத்திரையை மறுபடி தொடங்கி எட்டு வாரம் கழித்து லிப்பிட் பரிசோதனை செய்துவிட்டு எழுதுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் அந்தப் பொடி டப்பாவின் பின்பக்கப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.